ஒரே ஒத்திகையில் மெல்லிசைக் கச்சேரி: மேடை ஏறும் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரத்தில் மாசி தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாவும் கல்யாண வரவேற்பும் அடுத்தடுத்து வரும். பேனரில் குழு என்று ஒரு பெயர் இருக்கும். ஆனால் கீபோர்டுக்காரர் ஓர் ஊர், தபலாக்காரர் இன்னோர் ஊர், பாடகி முந்தைய இரவு வேறு குழுவில் பாடிவிட்டு பஸ் ஏறி வந்திருப்பார். எல்லாரும் சேர்ந்து உட்காரக் கிடைப்பது ஒரு மாலை, அதிலும் 3 மணி நேரம்.

அந்த 3 மணி நேரத்தில் பாட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பார்ப்பதுதான் புதிய குழுக்கள் செய்யும் பெரிய தவறு. பத்துப் பன்னிரண்டு பாட்டில் பொழுது போய்விடும், மிச்சமெல்லாம் தொடப்படாமல் மேடைக்கு வரும். பாட்டு பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை. எடுப்பில், அதாவது பாடத் தொடங்கும் இடத்தில் உடையும், பி.ஜி.எம். (பாட்டுக்கு நடுவே வரும் வாத்திய இசை) முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் உடையும், முடிவில் உடையும். கிடைக்கிற நேரம் முழுவதையும் இந்தச் சேரும் இடங்களில் செலவழிக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. ஒப்புக்கொள்ளும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

விழாக் குழுவினரிடமோ கல்யாண வீட்டாரிடமோ போனில் பேசி முடித்தபின், பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். பேசியவர் ஒருவர், மேடையில் வந்து நிற்பவர் வேறொருவர் என்பது ஊர்த் திருவிழாவில் வழக்கம். கையில் எழுத்து இருந்தால் பேச்சு வளராது.

கேட்க வேண்டியவை: தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம், மேடை அளவு, சவுண்ட் சர்வீஸ் யாருடையது, ஜெனரேட்டர் உண்டா, சாப்பாடு எப்போது, முன்பணம் எவ்வளவு, மீதி யார் கையால் வரும். 7 பேர் வாசிக்க 20 அடிக்கு 16 அடி மேடை தேவை. அதைவிடச் சிறிதானால் ஸ்பீக்கர் பாக்ஸை மேடைக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

கோயில் கச்சேரி என்றால் சாமி புறப்பாடு எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வழியாக என்று கட்டாயம் கேளுங்கள். நாகஸ்வரமும் தவிலும் முன்னே வர, சாமி மேடையைக் கடக்கும்போது பாட்டை நிறுத்தியே ஆக வேண்டும். நேரம் முன்பே தெரிந்தால் அந்த இடத்தில் இடைவேளை வைத்துவிடலாம். தெரியாவிட்டால் கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது பாதிப் பாட்டில் நிற்க வேண்டி வரும்.

காவல்துறை அனுமதி வாங்குவது விழாக் குழுவின் வேலை. என்றாலும் தாளின் படத்தை வாங்கிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை தளர்த்தலாம். "நம்ம ஊர்ல 2 மணி வரைக்கும் ஓடும்" என்று சொன்னாலும், தாளில் 10 என்று இருந்தால் பட்டியலை 10 மணிக்கே போடுங்கள். நல்ல பாட்டையெல்லாம் கடைசிக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஜீப் வந்து நின்றதும் பாதியில் சுருட்டும் குழுக்கள் நிறைய.

கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டத்தில் பாட 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஓட்டல் விழா, டிக்கெட் நிகழ்ச்சி போன்றவற்றுக்கு உரிமம் எடுப்பது யார் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள்.

2. பாட்டுப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

3 மணி நேரக் கச்சேரிக்கு 28 பாட்டு போதும். ஒரு பாட்டு சராசரி நாலரை நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மிச்சம் அறிவிப்பு, பொன்னாடை, அன்பளிப்பு வாசிப்பது, இடைவேளை என்று தானாகக் கரையும். இதற்கு மேல் 5 பாட்டு கையிருப்பாக வையுங்கள்.

ஒத்திகைக்கு 4 நாள் முன்பே ஒவ்வொருவரிடமும் "தாள் இல்லாமல் வாசிக்கத் தெரிந்த பாட்டு எது" என்று பட்டியல் வாங்குங்கள். "தெரியும்" என்ற பதில் போதாது, கேட்டிருப்பதையும் தெரியும் என்றே சொல்வார்கள். எல்லார் பட்டியலிலும் இருப்பது முதல் வகை. ஓரிடம் மட்டும் சிக்கலாக இருப்பது இரண்டாம் வகை. இரண்டு பி.ஜி.எம்.மும் வேறுவேறாய், நடுவில் தாளம் மாறி, கோரஸ் வேறு வேண்டியிருப்பது மூன்றாம் வகை. அந்த மூன்றாம் வகையை எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் இந்தக் கச்சேரிக்கு எடுக்காதீர்கள். இந்த வட்டாரத்தில் பாட்டை வரிக்கு வரி முணுமுணுத்துக்கொண்டே கேட்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எளிமையான பாட்டை எளிமையாக வாசித்தால் ரசிப்பார்கள். பெரிய பாட்டின் பி.ஜி.எம்.மைப் பாதியில் விழுங்கினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விட மனசில்லாத பாட்டை மெட்லியில் சேருங்கள். ஒரே ஸ்கேலில் (பாடும் சுருதியில்), ஒரே நடையில் இருக்கும் 4 பாட்டின் பல்லவிகளை மட்டும் கோத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 பார் (தாளச் சுற்று) ரிதம் விடுவது. பி.ஜி.எம். தொல்லை இல்லை. கேட்பவர்களுக்கும் ஒரு பாட்டுக்குப் பதில் நாலு பாட்டு கிடைத்த மகிழ்ச்சி.

3. ஸ்கேலை ஒத்திகைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

ஒத்திகையில் அதிக நேரத்தைத் தின்பது "எனக்கு அரைக் கட்டை இறக்குங்க" என்ற பேச்சுதான். கட்டை என்பது சுருதியின் அளவு. அதைப் போனிலேயே முடித்துவிடலாம்.

பாடகரிடம் பல்லவியைப் பாடச் சொல்லாதீர்கள். சரணத்தில் மேலே ஏறும் வரியைப் பாடி அனுப்பச் சொல்லுங்கள். நம் சினிமாப் பாட்டில் பல்லவி நடுவாந்தரத்தில் நிற்கும், சரணம்தான் மேலே ஏறும். பல்லவிக்கு வசதியாக வைத்த ஸ்கேல் சரணத்தில் தொண்டையைப் பிடிக்கும். அதிலும் கச்சேரியின் இருபதாவது பாட்டில், 9 மணிக்கு மேல், குரல் அரைக் கட்டையாவது இறங்கியிருக்கும். அதனால் வீட்டில் உட்கார்ந்து பாடும்போது "கொஞ்சம் சுலபமாக இருக்கிறதே" என்று தோன்றும் ஸ்கேல்தான் மேடைக்குச் சரி.

டூயட்டில் ஒருவருக்காக இறக்கினால் மற்றவருக்குக் கீழே வரி கேட்காமல் போகும். பெரும்பாலும் ஒரிஜினல் ஸ்கேலையே வைத்துக்கொள்வது நல்லது. மாற்றினாலும் அரைக் கட்டை, அதிகம் போனால் ஒரு கட்டை.

தபலாவை மறந்துவிட்டு ஸ்கேல் போடுவது அடுத்த தவறு. கீபோர்டில் சுருதியை மாற்ற ட்ரான்ஸ்போஸ் பட்டன் உண்டு, கிதாரில் அதற்குக் கேப்போ என்ற கிளிப் உண்டு. தபலாவை ஒவ்வொரு பாட்டுக்கும் சுத்தியல் எடுத்து ஏற்றி இறக்க முடியாது. ஒன்றரைக் கட்டையில், அதாவது சி ஷார்ப்பில் சேர்த்த தபலா அந்த ஸ்கேலுக்கு ஸட்ஜமாக நிற்கும். நாலரைக் கட்டைப் பாட்டுக்கு அதே நாதம் பஞ்சமம், ஐந்தரைக் கட்டைப் பாட்டுக்கு மத்யமம். ஆக ஒரே தபலா மூன்று ஸ்கேலுக்கு உறுத்தாமல் ஒலிக்கும். இரண்டு வலந்தலை (வலதுகைத் தபலா) கொண்டுவரச் சொல்லி, ஒன்றை ஒன்றரைக் கட்டையிலும் மற்றதை 2 கட்டையிலும் சேர்த்தால், இரண்டாவது 2, 5, 6 கட்டைப் பாட்டுகளைப் பார்த்துக்கொள்ளும். இதை மனதில் வைத்து ஸ்கேல் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரிதம் பேடில் (எலக்ட்ரானிக் தாளக் கருவியில்) தபலா வாசிப்பவருக்கும் இதே கணக்குதான். பேடின் சுருதியை மாற்றாமல் வாசித்தால் பேஸ் கிதாரோடு முட்டிக்கொண்டே இருக்கும்.

4. ஒரு பாட்டுக்கு ஒரு தாள்

நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதாதீர்கள். வரிசை மேடையில் மாறும், அப்போது பக்கத்தைத் தேடுவீர்கள். தனித்தனித் தாளாக, பெரிய எழுத்தில், கிளியர் ஃபைலில் போடுங்கள். எண்ணை மூலையில் கொட்டையாக எழுதுங்கள். மேடையில் பாட்டின் பெயரைக் கத்துவதைவிட "ஏழு" என்று விரல் காட்டுவது எளிது.

தாளில் பாட்டு வரிகள் பாடகருக்கு மட்டும் போதும். மற்றவர்களுக்கு வரைபடம்தான் வேண்டும். இப்படி:

"7. டூயட். டி மைனர், 2 கட்டை. 6/8, டெம்போ 112. தொடக்கம்: புல்லாங்குழல் 4 பார், ரிதம் 5ஆவது பாரில். பல்லவி 2 தடவை. பி.ஜி.எம். 1: வயலின் 8, கிதார் 4. சரணம் ஆண். பல்லவி 1 தடவை. பி.ஜி.எம். 2: வயலின் 8, தபலா மட்டும் 2. சரணம் பெண். பல்லவி. முடிவு: கடைசி வரி 3 தடவை, மூன்றாவதில் கட்."

இதில் "தபலா மட்டும் 2" என்ற குறிப்புதான் உயிர். இரண்டாவது பி.ஜி.எம். முதலாவதைப் போலவே இருக்கும் என்று நினைத்து பாடகி 2 பார் முன்னால் நுழைவதுதான் அடிக்கடி நடப்பது. அந்த மாதிரி இடங்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

எடுப்பு தாளத்தின் முதல் அடியில் இல்லாவிட்டால் அதையும் குறியுங்கள். அரை அடி தள்ளி எடுக்கும் பாட்டில் ரிதம்காரர் பாடகரின் முதல் சொல்லையே முதல் அடியாக எடுத்துக்கொண்டால், பாட்டு முழுக்கத் தாளம் திரும்பிப்போய் நிற்கும். நடுவில் அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

டெம்போவை எண்ணாக எழுதக் காரணம், மேடை ஏறினதும் எல்லாருக்கும் கை வேகம் கூடும். மெட்ரோனோம் ஆப்பில் ஒலியை அணைத்து விளக்கை மட்டும் மின்ன விட்டு, ரிதம்காரர் அருகே போனை வைத்தால் எண்ணிக்கை சரியாகத் தொடங்கும்.

5. 3 மணி நேர ஒத்திகையை இப்படிப் பங்கிடுங்கள்

முதல் வகையில் 17 பாட்டு, இரண்டாம் வகையில் 9, மெட்லி 2 என்று வைத்துக்கொள்வோம். முதல் வகைக்குத் தலைக்கு 2 நிமிடம், ஆக 34. இரண்டாம் வகைக்கு 10 நிமிடம், ஆக 90. மெட்லிக்கு 12 நிமிடம், ஆக 24. மொத்தம் 148. மீதி 32 நிமிடம் வயர் மாட்டவும் டீ குடிக்கவும்.

2 நிமிடத்தில் ஒரு பாட்டை எப்படிப் பார்ப்பது? முன்னிசையின் கடைசி 2 பாரை கீபோர்டு வாசிக்க வேண்டும். பாடகர் பல்லவியின் முதல் வரியைப் பாடியதும் நிறுத்துங்கள். நேராக முதல் பி.ஜி.எம்.மின் கடைசி 2 பார், சரணத்தின் முதல் வரி, நிறுத்தம். சரணத்தின் கடைசி வரி, பல்லவிக்குத் திரும்புதல், நிறுத்தம். இரண்டாவது பி.ஜி.எம்.முக்கும் அதேபோல. பிறகு கடைசி 4 பாரும் முடிவும். அவ்வளவுதான். பாடகர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், பாட விட மாட்டேன் என்கிறாரே என்று தோன்றும். தொடக்கத்திலேயே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: நடுப்பகுதி எல்லாருக்கும் காதில் இருக்கிறது, சேரும் இடம்தான் ஒருவருக்கொருவர் தெரியாது.

இரண்டாம் வகையில், சிக்கலான அந்த ஓரிடத்தை முதலில் பாதி வேகத்தில் இரண்டு தடவை, பிறகு முழு வேகத்தில் இரண்டு தடவை. அப்போதும் சரியாக வராவிட்டால் அந்த இடத்தையே எளிதாக்குங்கள். 16 பார் பி.ஜி.எம்.மை 8 பாராக வெட்டலாம், வயலின் ஓட்டத்துக்குப் பதில் கார்டு பிடித்து ரிதம் விடலாம். ஒரே ஒரு கீபோர்டுதான் இருக்கிறது என்றால் கேட்பவர் வாயில் முணுமுணுக்கும் மெட்டை மட்டும் வலதுகையில் வாசியுங்கள். அடியில் ஓடும் இரண்டாவது மெட்டை விட்டுவிடலாம், அது இல்லாததை யாரும் கேட்கமாட்டார்கள்.

முடிவுகளை மூன்றே வகையாக வைத்துக்கொள்வது என் அழுத்தமான பரிந்துரை: கடைசி வரி மூன்று முறை பாடி கட், கடைசிச் சொல்லை இழுத்து கார்டில் நிறுத்தம், முன்னிசையை மறுபடி வாசித்து முடிவு. ஒரிஜினலில் பாட்டு மெல்ல மங்கி முடிந்தால் அதை மேடையில் செய்ய முயலாதீர்கள். ஒருவர் நிறுத்த, ஒருவர் வாசித்துக்கொண்டே இருப்பார்.

கீபோர்டுக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய டோன்களை ரெஜிஸ்ட்ரேஷனில் (கீபோர்டின் நினைவகத்தில்) பதிந்துவைக்க வேண்டும். ஒத்திகையிலேயே, அந்தந்தப் பாட்டு முடிந்த உடனே. "அப்புறம் பதிந்துகொள்கிறேன்" என்றால் மேடையில் ஷெனாய் வரவேண்டிய இடத்தில் பியானோ வரும்.

6. கைச்சாடையும் தலைமையும்

சாடை காட்டுபவர் ஒருவர் மட்டுமே. பாடகர் மக்களைப் பார்த்து நிற்பவர், அவரால் முடியாது. எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் உட்காரும் கீபோர்டுக்காரரோ ரிதம்காரரோ அதைச் செய்யலாம். மூடிய முட்டி: கட். தலையைத் தொட்டால்: பல்லவிக்குத் திரும்பு. ஒரு விரல், இரண்டு விரல்: முதல், இரண்டாம் பி.ஜி.எம். விரலால் வட்டம்: இதையே மறுபடி. இந்த நாலுக்கு மேல் வேண்டாம், நினைவில் நிற்காது.

7. எடுத்துப்போக வேண்டியவை

எக்ஸ்டென்ஷன் போர்டு 3, கால் இஞ்ச் ஜாக் வயர் ஆளுக்கு 2, டி.ஐ. பாக்ஸ் (வாத்திய ஒலியை இரைச்சல் இல்லாமல் மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி) 2, கீபோர்டு அடாப்டர் உபரி ஒன்று, கார்ட்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி இரண்டு செட், கிதார் கம்பி ஒரு செட், மல்டிமீட்டர், இன்சுலேஷன் டேப், கிளிப், 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று. சவுண்ட் சர்வீஸில் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அவர்களிடம் மைக் வயர் இருக்கும், ஜாக் வயர் ஒன்றே ஒன்று இருக்கும், அதுவும் கரகரக்கும்.

8. மேடைக்குப் போனதும் முதல் வேலை மின்சாரம்

தொடங்குவதற்கு 3 மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். வாத்தியத்தைப் பிரிக்கும் முன் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். 230 வரவேண்டிய இடத்தில், மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் இறங்கும். 200க்குக் கீழே போனால் கச்சேரியை ஜெனரேட்டரில் நடத்தச் சொல்லுங்கள்.

அடுத்து எர்த். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக்கின் கம்பி வலையிலும் மறு முனையைக் கிதார் கம்பியிலும் தொட்டுப் பாருங்கள். ஏதேனும் வோல்ட் காட்டினால் யாரும் தொடக்கூடாது. கிதாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும், ஈரத் தரையில் அது உயிருக்கே ஆபத்து. மிக்ஸருக்கும் எல்லா வாத்தியத்துக்கும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

லைன் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில விநாடியில் கீபோர்டு அணைந்து மறுபடி உயிர்பெறும். ட்ரான்ஸ்போஸ் பழையபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். பாடகர் ஒரு ஸ்கேலிலும் கீபோர்டு ஒரு ஸ்கேலிலும் நிற்பார்கள். கீபோர்டு, பேட், மிக்ஸர் மூன்றையும் யூ.பி.எஸ்.ஸில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பவர் ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டாதீர்கள், தாங்காது.

வயலோர மேடைக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும். குறுவையோ சம்பாவோ பயிர் நிற்கும் காலத்தில் தத்துப்பூச்சியும் புகையானும் விளக்கைத் தேடி மொய்க்கும். பாடகி மூச்சு இழுக்கும்போது வாய்க்குள் போகும், பாட்டு இருமலில் நிற்கும். வெள்ளை விளக்குகளை மேடையிலிருந்து 30 அடி தள்ளிக் கம்பத்தில் கட்டச் சொல்லுங்கள். மேடைக்கு மஞ்சள் விளக்கு போதும். பாடகர் முகத்துக்கு நேரே, மைக் உயரத்தில் எந்த விளக்கும் வேண்டாம். தை, மாசியில் பனி வேறு. 9 மணிக்கு மேல் தோல் ஈரம் வாங்கித் தபலாவும் டோலக்கும் சுருதி இறங்கும். வாசிக்காத நேரத்தில் கனத்த துணியால் மூடி வையுங்கள். மேலே பந்தல் இல்லாத மேடை என்றால் தோல் வாத்தியப் பாட்டுகளை முதல் பாதிக்கு நகர்த்திவிட்டு, இரண்டாம் பாதியைப் பேடில் நடத்துங்கள்.

9. சவுண்ட் செக்: குரல் முதலில்

நேரம் நிறைய இருந்தால் ரிதம், பேஸ், கீபோர்டு, குரல் என்று போகலாம். பெரும்பாலும் கிடைப்பது 30 நிமிடம்தான். அதனால் குரல் மைக்குகளை முதலில் முடியுங்கள். பாட்டு வரி புரியாவிட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று பாடகர்களுக்கு, ஒன்று கீபோர்டுக்கும் ரிதத்துக்கும். பாடகரின் மானிட்டர் மைக்கின் வால் பக்கத்தை நோக்கி இருக்கட்டும், அந்தத் திசையில் மைக் குறைவாகவே கேட்கும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பாடும் பழக்கம் இருந்தால் ஒத்திகையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பொத்தியதும் மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்து விசில் அடிக்கும்.

மானிட்டர் இல்லாமல் வெளியே இருக்கும் பாக்ஸைக் கேட்டு வாசித்தால் தாளம் பின்னால் இழுக்கும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். பாக்ஸ் 10 மீட்டர் தள்ளியிருந்தால் ரிதம்காரர் கேட்பது கிட்டத்தட்ட 30 மில்லிவிநாடி பழையது. அதனால் மேடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் ரிதம், பேஸ், கீபோர்டு மூவரும் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கி உட்காருங்கள்.

கீபோர்டின் எல்/மோனோ துளையிலிருந்து டி.ஐ. பாக்ஸுக்கு எடுங்கள். நீள ஜாக் வயரை நேராக மிக்ஸருக்கு இழுத்தால் விளக்குச் சத்தமெல்லாம் உள்ளே வரும். கீபோர்டு வால்யூமை முக்காலில் வைத்து அங்கேயே டேப் ஒட்டிவிடுங்கள். நடுவில் கீபோர்டுக்காரர் ஏற்றினால் சவுண்டுக்காரர் இறக்குவார், இந்த இழுபறி இரவு முழுக்க ஓடும்.

சவுண்டுக்காரரிடம் பணிவாக, பெயர் சொல்லி "அண்ணே" என்று பேசுங்கள். இன்றைய கச்சேரி அவர் கையில் இருக்கிறது. எக்கோ பாட்டுக்கு மட்டும் போதும், அறிவிப்பின்போது அணைத்துவிடுங்கள் என்ற ஒரே வேண்டுகோளைத் தெளிவாகச் சொல்லுங்கள். பத்து வேண்டுகோள் வைத்தால் ஒன்றும் நடக்காது.

10. பாட்டு வரிசை

முதல் பாட்டு பிள்ளையார் மீது, இரண்டாவது அந்தக் கோயில் சாமி மீது. மாரியம்மன் கோயிலில் முருகன் பாட்டோடு நிறுத்திவிட்டு சினிமாவுக்குப் போனால் ஊர்ப் பெரியவர்கள் மேடைக்கே வந்து கேட்பார்கள். இரண்டும் முதல் வகைப் பாட்டாக இருக்கட்டும், ஏனென்றால் இந்த 10 நிமிடத்தில்தான் சவுண்ட் உண்மையில் சரியாகும். கூட்டம் வந்து உட்கார்ந்தபின் ஒலி மாறும்.

பழைய பாட்டுகளை முன்னால் வையுங்கள். அவற்றுக்காக வரும் பெரியவர்கள் 9 மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். நாட்டுப்புறப் பாட்டும் குத்துப் பாட்டும் கடைசி முக்கால் மணி நேரம். ஒரே பாடகருக்குத் தொடர்ந்து 3 பாட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டாம் வகைப் பாட்டு இரண்டு அடுத்தடுத்து வேண்டாம். தபலாவின் ஸ்கேல் ஒன்றாக உள்ளவற்றை மூன்று நான்காகச் சேர்த்து வையுங்கள்.

வரவேற்பு என்றால் கணக்கு வேறு. மக்கள் பேசவும் சாப்பிடவும் வந்திருக்கிறார்கள். வால்யூம் பாதி, மெலடி அதிகம். மணமக்கள் மேடை ஏறும் நேரத்துக்கு ஒரு பாட்டைத் தயாராக வையுங்கள். அவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள், ஆகவே அந்தப் பாட்டின் தாள் கீபோர்டு ஸ்டாண்டில் தனியாக இருக்கட்டும்.

சீட்டு எழுதிக் கேட்கும் பாட்டு உங்கள் ஃபைலில் இருந்தால் மட்டுமே எடுங்கள். இல்லையென்றால் "இன்றைக்கு அந்தப் பாட்டு இல்லை, அதே காலத்துப் பாட்டு ஒன்று பாடுகிறோம்" என்று தொகுப்பாளர் நேராகச் சொல்லட்டும். 500 ரூபாய் அன்பளிப்புக்காகத் தெரியாத பாட்டைத் தொட்டு உடைத்தால், அதற்கு முன் நன்றாகப் பாடிய எல்லாமும் மறந்துபோகும்.

11. பாட்டு உடைந்தால்

ரிதம் நிற்கக்கூடாது. இது முதல் விதி. தாளம் ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரும்பாலானவர்களுக்கு உடைந்ததே தெரியாது.

பாடகர் 2 பார் முன்னால் நுழைந்துவிட்டால் எல்லாரும் அவரோடு போக வேண்டும். பாடுபவரைப் பின்னுக்கு இழுக்க முயல்வதால்தான் சிறு பிசகு பெரிதாகிறது. கீபோர்டு உடனே பி.ஜி.எம்.மை விட்டுவிட்டு சரணத்தின் கார்டைப் பிடிக்கட்டும். யாருக்கும் இடம் தெரியவில்லை என்றால் சாடை காட்டுபவர் தலையைத் தொட, எல்லாரும் பல்லவி.

தவறான ஸ்கேலில் தொடங்கிவிட்டால் மட்டும் உடனே நிறுத்துங்கள், முதல் வரி முடிவதற்குள். தொகுப்பாளர் ஒரு வாக்கியம் பேசட்டும், மறுபடி எடுங்கள். சரணத்தில் குரல் எட்டாது என்று தெரிந்தும் 5 நிமிடம் இழுப்பது பாடகருக்கும் கொடுமை, கேட்பவருக்கும் கொடுமை. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் ட்ரான்ஸ்போஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த பாட்டின் ஸட்ஜத்தை ஒருமுறை தொட்டுக் காட்டுவதை கீபோர்டுக்காரர் பழக்கமாக்க வேண்டும். அந்த ஒரு தொடுதலில் பாடகர், தபலா, பேஸ் மூவரும் சரிபார்த்துக்கொள்வார்கள்.

வரி மறந்தால் பாடகர் நிறுத்தாமல் அதே மெட்டில் ஹம்மிங் விடட்டும், அல்லது முந்தைய வரியைத் திரும்பப் பாடட்டும். மைக்கை மக்கள் பக்கம் நீட்டுவது பல்லவிக்குத்தான் வேலை செய்யும்.

12. முடிந்த பிறகு

மீதிப் பணத்தை வேனில் சாமான் ஏறுவதற்கு முன் வாங்கிவிடுங்கள். பந்தல் பிரிக்க ஆரம்பித்ததும் பொறுப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். உங்கள் வயர்களில் முன்பே வண்ண டேப் ஒட்டியிருந்தால் சவுண்ட் சர்வீஸ் வயரோடு கலக்காது.

வேனில் ஏறியதும், தூக்கம் வருவதற்கு முன், தாள்களை ஒருமுறை புரட்டுங்கள். எந்தப் பாட்டில் ஸ்கேல் மாற்ற வேண்டும், எந்த பி.ஜி.எம்.மை வெட்ட வேண்டும், எந்த முடிவு இடறியது என்று சிவப்பு மையில் அந்தந்தத் தாளிலேயே எழுதுங்கள். அடுத்த கச்சேரிக்கு வேறு பாடகர் வரலாம், வேறு தபலாக்காரர் வரலாம். ஃபைல் அதேதான், எனவே தாளைப் படம் எடுத்து அன்றிரவே குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.